பாட்டில் வாழைக்கு வெயில்

விழிஞ்ஞம் பேருந்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“பாட்டில்லயே வளந்ததுகளை வெயில்ல கொண்டு வச்சிட்டேன் அக்கா” என்றாள் இளையவள்.

புட்டிப்பாலில் வளர்ந்த பிள்ளைகளையா என்று எனக்குத் திக்கென்றது. ஒட்டுக்கேட்பது சரியில்லைதான், ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது, அவள் சொன்னது ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிப் பாட்டிலில் வளர்த்த நேந்திர வாழைக்கன்றுகளை.

“போன தடவையும் நீ இப்படித்தான் மொத்தத்தையும் கருக்கினே. இதுவும் போச்சுன்னா உன் கான்ட்ராக்டை நீட்ட மாட்டாங்க, கேட்டியா?”

“அப்போ நேரே உச்சி வெயில்ல வச்சேன். இந்தத் தடவை நிழல்வலைக்கு அடியில வச்சு, தினம் கொஞ்சங் கொஞ்சமா வெயிலைக் கூட்டினேன்.”

“பொறவு?”

“இலையெல்லாம் திட்டுத் திட்டாச் செவந்துபோச்சு.”

“செவந்துச்சா? அப்போ தீந்துச்சு.”

“இல்லக்கா. வெயில் கூடினா இலைக்குள்ள ஆக்சிஜனே விஷமா மாறும். அதை அடக்கத்தான் இலை தானா இந்தச் செவப்பை உண்டாக்குது. கருகினா வெளுத்துக் காகிதம் மாதிரி ஆயிடும். இதைப் பாருங்க, புதுக்குருத்து.”

அவள் நீட்டிய போனை அக்கா வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“எல்லாத்துலயும் வந்திருக்கா?”

“எல்லாத்துலயும்.”

அக்கா அவள் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“எங்க வீட்டுக்கு ரெண்டு கன்னு எடுத்து வையிட்டி. குலை வந்தா உனக்குக் காயைச் சீவி உப்பேரி வறுத்துத் தாரேன்.”

“குலை வர ஒரு வருஷம் ஆகுமே அக்கா.”

“ஆகட்டுமே. நீ இங்கதானே இருக்கப் போற.”