தாயும் பிள்ளையும் கிடந்த குழி

மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. என் தங்கைக்கு அவரைத் தேடிப் பிடித்துக் கட்டிவைத்ததே நான்தான். கலகலப்பான மனிதர். மனை வாங்கி வீடு கட்டி விற்பது அவர் தொழில். மண்ணுக்குள் கிடக்கும் பழம்பொருள்களைக் காப்பாற்றுவது, தொல்லியல் துறையில், என் உத்தியோகம். ஒரே மண்ணில் இரண்டு பேருக்கும் பிழைப்பு என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

அவருடைய புது மனையில் அஸ்திவாரம் தோண்டும்போது அந்தக் குழி தெரிந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் புதைத்த ஒரு தாய். அவள் கைவளைவுக்குள் பிள்ளை. பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலையை நிறுத்தச் சொன்னேன்.

"எலும்புதானே மச்சான்? ஓரமா அள்ளிப் போட்டுட்டு நம்ம வேலையப் பாப்போம்," என்றார்.

மறுநாள் காலை நான் போனபோது, மண் சரியாமலிருக்க நான் கொடுத்திருந்த முட்டுகளைப் பள்ளத்தில் இறங்கி அவரே பிடுங்கிக்கொண்டிருந்தார். மண் அள்ளும் இயந்திரம் உள்ளே வர வழி வேண்டுமாம். என் கண்ணெதிரிலேயே கரை சரிந்து அவரை மூடியது. ஒரு பலகை தலைக்கு மேல் சாய்ந்து நின்றதால் மூச்சு இருந்தது. குரலும் கேட்டது.

இயந்திரம் ஓட்டுபவர் பதறி ஓடிவந்தார். "ரெண்டே அள்ளு சார், ஆளத் தூக்கிடலாம்."

அது உண்மைதான். ஆனால் இயந்திரத்துக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் அந்தத் தாயும் பிள்ளையும் இருந்தார்கள். இயந்திரத்தின் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டச் சொல்லி ஓட்டுபவரை மெயின் ரோட்டுக்கு அனுப்பினேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடத்தான் எனக்கு நினைவு வரவில்லை.

சின்னக் கரண்டியும் தூரிகையுமாக நானே இறங்கினேன்.

"மச்சான், சீக்கிரம்... மூச்சு முட்டுது."

"பேசாம இருங்க மாப்பிள்ள. பேசினா காத்து வீணாகும்." நல்லெண்ணத்தில்தான் சொன்னேன்.

மண்ணை அடுக்கடுக்காக எடுத்தேன். எடுத்ததைச் சலித்தேன். முறை என்று ஒன்று இருக்கிறது. சொந்தக்காரர் என்பதற்காக அதை மாற்றினால் நாளை என்னை யார் மதிப்பார்கள்?

அன்று இரவு தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கஷ்டப்பட்டாராண்ணா?"

மண் விழுந்ததுமே போய்விட்டார் என்றேன். அவள் மனது தாங்காது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? முதலில் வெளிப்பட்டது அவருடைய கை. எதையும் அசைப்பதற்கு முன், கிடக்கிறபடியே வரைந்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. பக்கத்தில் அளவுகோலை வைத்துவிட்டு வரைய உட்கார்ந்தேன். விரல்கள் மூடி மூடித் திறந்துகொண்டிருந்ததால் திரும்பத் திரும்ப அழிக்க வேண்டியிருந்தது. அவை நின்ற பிறகுதான் படம் சரியாக வந்தது.