பித்தளை அணியை வெட்டச் சொன்னது

என் பெயரும் தகப்பனார் பெயரும் மேலே எழுதிக்கொண்டபடி சரி. வயது முப்பத்தொன்று. மருந்துக்கடைக்கு மேல் மாடியில் என் கணவர், ஏழு மாதப் பெண் குழந்தை, கணவரின் அக்காவான என் நாத்தனார் ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். குழந்தை பிறக்கும்வரை ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலை பார்த்தேன்.

என் நாத்தனார் உடம்பில் அணியும் சிற்பங்களை உலோகத்தில் செய்பவர். அதை நகை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். இந்தத் தடவை செய்தது பித்தளைத் தகடுகளால் ஆனது. கழுத்திலிருந்து இடுப்பு வரை வரும். வலது கை மார்போடு சேர்ந்து உள்ளே அடங்கிவிடும். என் உடம்பில் மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்துச் செய்ததால் வேறு யாருக்கும் பொருந்தாது. முதுகில் இரண்டு திருகுகள். அவற்றுக்கு அவரே செய்த சாவி ஒன்றுதான் உண்டு.

சம்பவத்தன்று காலை பத்தரை மணிக்குக் கண்காட்சிக் கூடத்தின் பின்னறையில் அதை எனக்கு மாட்டினார். ஒரு மணிக்குக் கழற்றிவிடுவதாகப் பேச்சு. அதன் பிறகு பீடத்தில் ஏறி நின்றேன். வந்தவர்கள் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். ஒரு அம்மா என் முகத்துக்கு நேரே நின்று, "மூச்சு விடுதுங்க, பொம்மை இல்ல" என்று தன் கணவரிடம் சொன்னார்.

ஒரு மணிக்குப் பின்னறைக்குப் போய்க் கழற்றச் சொன்னேன். நாத்தனார் என் முதுகுப் பக்கம் ஏதோ செய்துவிட்டு, "திருகு மொட்டையாயிடுச்சு, சாவி பிடிக்க மாட்டேங்குது. நாலு மணிக்குப் போட்டி நடுவருங்க வர்றாங்க. அவங்க பாத்துட்டுப் போனதும் ஆள வச்சு எடுத்துடலாம்" என்றார். என் முதுகை நான் பார்க்க வழியில்லை. நம்பினேன்.

அதன் பிறகு என் கணவர் அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். புட்டிப்பாலைத் துப்பிவிட்டதாம். ஒரு கையால் வாங்கிக்கொண்டேன். குழந்தை தகட்டில் வாயை வைத்துத் தேடியது, கிடைக்காமல் நெற்றியால் இரண்டு தடவை முட்டியது. எனக்குப் பால் கட்டி உள்ளே வலி பொறுக்க முடியவில்லை. சுரந்த பால் தகட்டின் கீழ்விளிம்பில் சொட்டியது. நாத்தனார் ஒரு துணி எடுத்து வந்து தகட்டைத் துடைத்தார். கணவர், "அக்காவோட ரெண்டு வருஷ உழைப்பு. இன்னும் கொஞ்ச நேரந்தானே, பல்லக் கடிச்சுக்கிட்டு இரேன்" என்றார்.

அதன் பிறகு குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, கழிவறைக்குப் போவதாகச் சொல்லி, சால்வையைப் போர்த்திக்கொண்டு பக்கக் கதவு வழியாக வெளியேறி எதிரில் உள்ள இருசக்கர வாகனப் பட்டறைக்குச் சென்றேன். பட்டறைக்காரர் முதுகைப் பார்த்துவிட்டு, "யாரு மொட்டைன்னு சொன்னது? திருகு புதுசா இருக்கேக்கா" என்றார். அவரிடமிருந்த சாவி எதுவும் சேரவில்லை. வெட்டத்தான் முடியும், ஏதாவது ஆனால் பொறுப்பு யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். அவர் என் தோளுக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரத்துணியைச் செருகிவிட்டு இயந்திரத்தைப் போட்ட சமயம் நாத்தனார் ஓடிவந்து, "ஐயோ, வெட்டாதீங்க! சாவி இருக்கு, இதோ இருக்கு" என்று கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பட்டறைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான், "நீங்க வெட்டுங்க" என்றேன். இரண்டு தோளிலும் வெட்டி, பிறகு பக்கவாட்டில் வெட்டி எடுத்தார். அவர் மேல் குற்றம் இல்லை.

சாவி வந்த பிறகும் ஏன் வெட்டச் சொன்னாய், கோபமா என்று காவல் ஆய்வாளர் கேட்கிறார். அந்தச் சாவியோடு அவர் மறுபடி என் முதுகுப் பக்கம் வந்து நிற்பதற்கு என்னால் சம்மதிக்க முடியவில்லை. இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால், அணியை வெட்டிப் பாழாக்கியதாக என் மேல் கொடுத்த புகாரை அக்கா திரும்பப் பெறுவார் என்று என் கணவர் வெளியிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார். எழுத மாட்டேன். ஆனால் அந்த அணி அழகாகத்தான் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டேன்.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல.

(ஒப்பம்)