சனிக்கிழமை விமானத்தின் நேரம் மாறியது குறித்து டிக்கெட் அலுவலகப் பணியாளர் சொன்னது

என் பெயரையும் வீட்டு முகவரியையும் காவல் நிலைய எழுத்தர் அம்மா தனித்தாளில் எழுதிக்கொண்டார். வயது இருபத்து மூன்று. தந்தை மொத்தச் சந்தையில் காய்கறி மூட்டை இறக்குகிறார். தாய் ஒரு பள்ளியில் துப்புரவு வேலை. படிப்பு எது என்று கேட்டதற்கு வணிகவியல் பட்டம் என்றேன். வீட்டில் வேறு யாரும் பட்டதாரி உண்டா என்று கேட்டதற்கு, இல்லை, நான்தான் முதல் என்றேன்.

நான் பதினான்கு மாதங்களாக, விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துவந்தேன். உரிமையாளரைச் சேர்த்து அங்கே மூன்று பேர். கவுன்ட்டரில் உட்காருபவர் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர். அவரை அக்கா என்று அழைப்பேன். என் மேசை பின்பக்கம், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில். நான் அதிகம் பேசாததால் உரிமையாளர் என்னை மியூட்டு என்று கூப்பிடுவார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அதையும் எழுத வேண்டுமா என்று எழுத்தர் அம்மா கேட்டார். எழுதலாம் என்றேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. டிக்கெட் பதியும்போது பயணியின் தொலைபேசி எண் கேட்கும் கட்டத்தில் அலுவலக எண்ணையும், மின்னஞ்சல் கேட்கும் கட்டத்தில் அலுவலக மின்னஞ்சலையும் போடுவோம். பயணியின் சொந்த எண் காகிதப் படிவத்தில் மட்டும் இருக்கும். அந்தப் படிவம், பாஸ்போர்ட் நகல் எல்லாம் ஒரு கோப்பில் வைத்து உரிமையாளர் அறையில் உள்ள அலமாரியில் பூட்டப்படும். காரணம் கேட்டதற்கு, வேலையை விட்டுப் போகிறவர்கள் வாடிக்கையாளரின் எண்ணை எடுத்துக்கொண்டு போய்த் தனிக்கடை போட்டுவிடுவார்கள் என்று உரிமையாளர் சொல்லியிருக்கிறார். தன் கண் முன்னால் தவிர அலமாரியைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரியும்.

சென்ற வாரம் வெள்ளிக்கிழமை உரிமையாளர் ஒரு சுற்றுலாக் குழுவை அழைத்துக்கொண்டு காலை பத்தரை மணி விமானத்தில் புறப்பட்டார். அலுவலக மின்னஞ்சலை அவர்தான் பார்ப்பது வழக்கம். அன்று என்னைப் பார்க்கச் சொல்லியிருந்தார். பதினொன்றே கால் மணிக்குத் திறந்தேன். படிக்காத கடிதங்கள் நூற்றெண்பத்தாறு இருந்தன. பெரும்பாலும் விளம்பரம். அதன் பிறகு கீழே போகப் போக, செவ்வாய்க்கிழமை வந்த ஒன்றைப் பார்த்தேன். எங்களிடம் டிக்கெட் எடுத்த ஒரு பேருந்து ஓட்டுநரின் சனிக்கிழமை விமானம் மதியம் மூன்று மணியிலிருந்து காலை பத்து மணிக்கு மாற்றப்பட்டிருந்தது. பயணி ஒப்புக்கொண்டதை வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் தெரிவிக்காவிட்டால் பதிவு தானாக ரத்தாகும் என்றும் அதில் இருந்தது.

அந்த ஓட்டுநரை எனக்கு நினைவிருந்தது. அவர் வந்த அன்று, ஜெராக்ஸ் எடுக்க ஒரு மருத்துவமனைக் கடிதத்தை என்னிடம் தந்தார். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய தங்கைக்கு இரத்தத்தில் நோய். அவர் தன் எலும்பு மஜ்ஜையைக் கொடுக்கப் போகிறார். வியாழக்கிழமையே தங்கைக்கு மருந்து தொடங்கிவிடும், அந்த மருந்து தங்கையின் சொந்த மஜ்ஜையை அழித்துவிடும், ஆகவே கொடுப்பவர் ஞாயிறு காலை எட்டு மணிக்குள் கட்டாயம் வந்து சேர வேண்டும் என்று அந்தக் கடிதம் சொன்னது. நான் மின்னஞ்சலைப் பார்த்தது வெள்ளிக்கிழமை. மருந்து தொடங்கி ஒரு நாள் ஆகியிருந்தது.

உரிமையாளரை அழைத்தேன். தொலைபேசி அணைந்திருந்தது. அவர் இரவு ஏழு மணிக்குத்தான் இறங்குவார். அதன் பிறகு அக்காவிடம் சொன்னேன். அக்கா, "இன்சூரன்ஸ் எதுக்குடி இருக்கு? பிளைட்ட விட்டா காசு குடுப்பான், இன்னொரு பிளைட்டுல போவாரு. நீ ஏன் மூஞ்ச இப்படி வெச்சிருக்க?" என்றார்.

காப்பீட்டுப் புத்தகம் இருபத்தெட்டுப் பக்கம். பயணிகளுக்கு முத்திரை போட்ட முதல் தாளை மட்டும் கொடுப்போம். மீதி என் மேசைக்கு அடியில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். வேலை இல்லாத நேரத்தில் நான் அதைப் படித்திருக்கிறேன். பதினோராம் பக்கத்தில், புறப்படும் நேரம் மாறியது முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தால் விமானத்தைத் தவறவிட்டதற்கு இழப்பீடு கிடையாது என்று இருக்கிறது. அடுத்த பக்கத்தில், டிக்கெட் எடுத்துக் கொடுத்த முகவரின் மின்னஞ்சலுக்கு வந்த செய்தி பயணிக்கே வந்ததாகக் கொள்ளப்படும் என்று இருக்கிறது. அதை எடுத்து அக்காவிடம் காட்டினேன். முதல் விமானத்தைத் தவறவிட்டால் நடுவில் மாறி ஏற வேண்டிய அடுத்த விமானமும், திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்ந்து ரத்தாகிவிடும் என்பது அக்காவுக்கே தெரியும். அக்கா இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, "இத எவன்டி படிப்பான்?" என்றார்.

கணினியில் ஓட்டுநரின் பெயருக்கு எதிரே எங்கள் அலுவலக எண்தான் இருந்தது. ஒரு மணிக்கு அக்கா சாப்பிடப் போனார். அலமாரியின் மாற்றுச் சாவி அவர் மேசை இழுப்பறையில் இருக்கும். அன்று இழுப்பறை பூட்டப்படவில்லை. வேண்டுமென்றே பூட்டாமல் போனாரா என்ற கேள்விக்கு, நான் அவரிடம் அதைக் கேட்கவில்லை என்று பதில் சொன்னேன். சாவியை எடுத்தது நான். அலமாரியைத் திறந்ததும் நான். ஓட்டுநரின் கோப்பை மட்டும் எடுத்தேன். வேறு கோப்பைத் தொடவில்லை. கேமராவில் அது தெரியும். அது எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரிந்துதான் செய்தேன்.

படிவத்தில் இருந்த எண்ணுக்கு நான்கு முறை அழைத்தேன். அணைந்திருந்தது. ஓட்டுநர்கள் பணி நேரத்தில் தொலைபேசியைப் பணிமனையில் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. படிவத்தில் வேலை செய்யும் இடம் என்ற கட்டத்தில் பணிமனையின் முத்திரை இருந்தது. ஆகவே கோப்பைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி, மூன்று பத்துக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன்.

ஜன்னலில் நேரக் காப்பாளர் இருந்தார். ஓட்டுநரைப் பார்க்க வேண்டும் என்றேன். இரண்டு முறை சொன்ன பிறகுதான் அவருக்குக் காதில் விழுந்தது. "யாரும்மா நீ, சொந்தக்காரப் பொண்ணா?" என்றார். டிக்கெட் அலுவலகம் என்றேன். "இங்க எல்லாருமே டிக்கெட்தாம்மா, எந்த டிக்கெட்?" என்றார். விமானம் என்றதும் எழுந்து வெளியே வந்து, தன் நாற்காலியை எனக்குப் போட்டார். ஓட்டுநர் நாலரைக்குத்தான் வருவார், நடுவில் நிறுத்திச் சொல்ல வழியில்லை என்றார். நான் உட்காரவில்லை. வந்து நிற்கும் ஒவ்வொரு பேருந்தின் எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு முப்பத்தைந்துக்கு வந்தார். பயணிகள் எல்லாரும் இறங்கும்வரை இருக்கையிலேயே இருந்துவிட்டுக் கடைசியாக இறங்கினார். நான் செய்தியைச் சொன்னேன். அவரும் அக்கா சொன்னதையே சொன்னார்: "அதான் இன்சூரன்ஸ் போட்டிருக்கே, தங்கச்சி?" அதன் பிறகு பதினோராம் பக்கத்தையும் பன்னிரண்டாம் பக்கத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர், "எனக்கு யாருமே சொல்லலையே" என்றார். "உங்க சார்பா எங்களுக்குச் சொல்லிட்டாங்கண்ணே. நாங்க கேட்டுட்டுச் சும்மா இருந்துட்டோம்" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றிப் பேருந்தின் படியில் வைத்தார். "இப்ப என்ன பண்ணணும், அத மட்டும் சொல்லு" என்றார்.

நேரத்தை மாற்றியது விமான நிறுவனம் என்பதால், அவர் விரும்பினால் கட்டணம் இல்லாமல் வேறு விமானத்துக்கு மாறலாம், அல்லது முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம் என்று சொன்னேன். வேறு விமானம் ஞாயிறு மாலைதான் போய்ச் சேரும். அவர் பத்து மணியே போதும் என்றார். அதன் பிறகு அவருடைய தொலைபேசியிலிருந்து விமான நிறுவனத்தை அழைத்தோம். எனக்கு முன்பின் தெரியாதவர்களிடம் தொலைபேசியில் பேசிப் பழக்கம் இல்லை. சொல்ல வேண்டியதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். இருபத்தைந்து நிமிடம் இசை ஓடியது. நேரக் காப்பாளர் அவ்வப்போது ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னும் பாட்டுதானா?" என்று கேட்டார்.

ஐந்து முப்பத்தேழுக்கு ஒரு பெண் பேசினார். ஓட்டுநர் தன் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் சொல்லி, புதிய நேரத்துக்குச் சம்மதம் என்றார். அந்தப் பெண், பதிவில் உள்ள எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறேன், அதைச் சொல்லுங்கள் என்றார். பதிவில் உள்ள எண் எங்கள் அலுவலக எண். நான் என் தொலைபேசியில் அக்காவை அழைத்தேன்.

அக்கா, "வந்திருக்குடி. ஆனா இத யாருக்கும் சொல்லாதீங்கன்னு கீழயே போட்டிருக்கே" என்றார்.

"யாருக்கு வந்ததுக்கா அது?"

"பயணிக்கு."

"பயணி என் பக்கத்துலதான்கா நிக்கிறாரு. அவருதுதான் அது, அவருகிட்டயே குடுத்துருங்க."

அக்கா ஒரு மூச்சு விட்டார். அதன் பிறகு ஆறு எண்களையும் இரண்டிரண்டாகச் சொன்னார். ஐந்து ஐம்பத்திரண்டுக்குச் சம்மதம் பதிவானது. பதிவில் உள்ள எண்ணை எடுத்துவிட்டு ஓட்டுநரின் எண்ணைப் போட வேண்டும் என்று தாளில் எழுதியிருந்த கடைசி வரியை நான் வாசித்தேன். அந்தப் பெண் மாற்றிக் கொடுத்தார். புதிய டிக்கெட் ஓட்டுநரின் தொலைபேசிக்கே வந்தது. அவர் அதைத் திறந்து, நேரத்தை மட்டும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அதன் பிறகு நேரக் காப்பாளரிடம், "நாளைக்குக் காலையில முதல் வண்டியில நான் வரேன். டிரைவரா இல்ல, பாசஞ்சரா" என்றார். அவர், "அப்ப டிக்கெட் எடுத்துட்டு ஏறு" என்றார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஓட்டுநரிடமிருந்து "உக்காந்துட்டேன்" என்று ஒரே சொல்லில் செய்தி வந்தது. நான் கோப்பை அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தேன். உரிமையாளருக்கு நடந்ததை முழுவதுமாக எழுதி அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை. புதன்கிழமை திரும்பி வந்ததும், பதிவில் எண் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு, "என் கஸ்டமரையே வளைக்கிறியா, மியூட்டு? பேசாத பிள்ளைன்னு நம்பினேனே" என்றார். அன்றே இங்கே புகார் கொடுத்தார். என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

புகார் பற்றி: அனுமதி இல்லாமல் அலமாரியைத் திறந்தது உண்மை. கோப்பை ஓர் இரவு என் வீட்டில் வைத்திருந்ததும் உண்மை. அவற்றை நான் மறுக்கவில்லை. வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டு போனேன் என்பது உண்மையல்ல. இழுத்துக்கொண்டு போக எனக்குக் கடை இல்லை.

இந்த இடத்தில் எழுத்தர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் வரப்போகும் தன் அண்ணனுக்கு எடுத்த டிக்கெட்டில் யாருடைய எண் இருக்கும் என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். விமான நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவு எண்ணையும் குடும்பப் பெயரையும் போட்டால் தெரியும் என்றேன். போட்டுப் பார்த்தார். வேறொரு முகவரின் எண் இருந்தது. மாற்றிக்கொண்டார். இதை எழுத வேண்டியதில்லை என்றார். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லச் சொன்னீர்கள் என்றேன். எழுதினார்.

இன்று காலை அக்கா அழைத்தார். உரிமையாளருக்கு எதிரிலேயே உட்கார்ந்து, இந்த மாதம் புறப்படும் நாற்பத்தொரு பேருக்கும் அவரவர் எண்ணைப் போட்டுவிட்டதாகச் சொன்னார். உரிமையாளர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "முறைச்சாரு. அப்புறம் ஒரு கையெழுத்து புரியலன்னு படிவத்தக் கேட்டேன். எடுத்துக் குடுத்தாரு" என்றார்.

நேற்று மாலை ஓட்டுநர் அழைத்தார். திங்கட்கிழமை அவரிடமிருந்து எடுத்து, அன்றே தங்கைக்கு ஏற்றிவிட்டார்கள். அவருக்கு இடுப்பில் வலி இருக்கிறது, மேடு பள்ளத்தில் வண்டி ஓட்டிய மாதிரி என்றார். மஜ்ஜை பிடித்துக்கொண்டதா என்பது இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். இன்னும் பத்து நாள் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பும் தேதியை அந்த விமானம் புறப்படுவதற்கு முன்பே மாற்ற வேண்டும், மருத்துவரின் கடிதத்தை வாங்கிக்கொண்டு பேசுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். "அதெல்லாம் நேத்தே நானே பேசி மாத்திட்டேன் தங்கச்சி" என்றார். அதன் பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த தங்கையிடம் உள்தொலைபேசியில், யாரிடம் பேசுகிறேன் தெரியுமா என்று கேட்டார். தங்கையின் குரல் மிகவும் மெல்லியதாக இருந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஓட்டுநர்தான் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: "பசிக்குதாம். ஆறு நாள் கழிச்சு இன்னிக்குத்தான் கேக்குறா."

மேலே உள்ளவை நான் என் விருப்பப்படி, யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொன்னவை. எழுத்தர் அம்மா வாசித்துக் காட்டியதைக் கேட்டேன். பிறகு நானும் ஒருமுறை கடைசிப் பக்கம்வரை படித்தேன். எனக்குத் தெரிந்தவரை இதில் உள்ளது அனைத்தும் உண்மை. சேர்க்கவோ நீக்கவோ ஒன்றும் இல்லை. என்னைத் தொடர்புகொள்ள என் சொந்த எண்ணையே தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

(கையொப்பம்)
வாக்குமூலம் அளித்தவர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(கையொப்பம்)
நிலைய எழுத்தர்