ஊனுண்ணாப் பூச்சி

காலையில் நீங்கள் வரவழைத்துத் தந்த இட்லி மென்மையாக இருந்தது, ஆய்வாளர் அவர்களே. சாம்பாரை மட்டும் ஒதுக்கினேன். அதில் வெங்காயம் கிடந்தது. நீராடி, நீறணிந்து, ஒரு பதிகமேனும் ஓதாமல் நான் உண்பதில்லை. இங்கே நீறு கிடைக்கவில்லை. அது உங்கள் குற்றம் அன்று.

துறைமுகத்தில் வந்திறங்கும் அயல்நாட்டு மரங்களைச் சோதித்து, பூச்சி இருந்தால் நச்சுவாயு செலுத்தி அழிப்பது பதினேழு ஆண்டுகளாக என் உத்தியோகம். பிழைப்புக்காகக் கொன்றேனே தவிர, பூச்சிகளை நான் வெறுத்தவன் அல்லன். வாள்பூச்சி என்று நான் அழைக்கும் குடியிடம் எனக்குப் பக்தியே இருந்தது. குளவிகளுக்கு அது மூத்த குடி. குளவிபோல் இடை சிறுத்திராது, கொட்டாது. முட்டையிடும் உறுப்பு மரமறுக்கும் ஈர்வாள்போல் பல் கொண்டிருக்கும். அதனால் இலையையோ மரத்தையோ கீறி முட்டையிடும். இலையும் மரமுமே அதன் உணவு. ஊன் தீண்டாது.

அறுபத்தொன்பதில், தீப்பெட்டித் தொழிலுக்கென வந்த கட்டைகளில், அக்குடியைச் சேர்ந்த, எவரும் எழுதியிராத பூச்சி ஒன்றைக் கண்டேன். அதன் உச்சந்தலையில் முட்கள் சடைமுடிபோல் சூழ்ந்திருந்தன. சிறகின் நரம்புகளை வரைந்து, மரம் உண்ணும் குடிகளின் வரிசையில் அதனைச் சேர்த்து, திருவொற்றியூரில் உறையும் என் பெருமானின் பெயரைச் சூட்டி, ஓர் ஆண்டுமலரில் வெளியிட்டேன். அச்சான பக்கத்தைச் சந்நிதியில் வைத்துத் தொழுதேன்.

ஸ்டானிஸ்லாஸ் என் உதவியாள், இராயபுரத்தான். பட்டையை உரித்துப் புழுவைக் காண்பதில் அவனுக்கு நிகர் எவரும் இலர். இவ்வாண்டு பங்குனியில், என் கண்முன்னே ஒரு கட்டையைப் பிளந்தான்.

“இன்னா சார், உன் சாமி பூச்சி கறி துன்னுது?” என்றான். “மரத்துல வாயே வெக்கல. உள்ள கீற பெரிய புழுவ உயிரோட துன்னுகினு கீது. வெள்ளிக்கெயமன்னுகூட பாக்கல, பாரேன்.”

பார்த்தேன். கால்களற்ற வெண்புழு ஒன்று, தன்னினும் பெரிய புழுவின் விலாவில் வாய் பதித்துக் கிடந்தது. உண்ணப்பட்டது இன்னும் நெளிந்துகொண்டிருந்தது. அவன் சிரித்தான். அச்சிரிப்பில் வஞ்சம் இல்லை. அதனை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அவன் சொன்னதை மறுப்பார் என்று நம்பி, அயல்நாட்டு அறிஞர் ஒருவருக்கு எழுதினேன். அவர் மறுக்கவில்லை. உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும், மூச்சை வெம்மையாக்கும் நுண்மணிகள் உள்ளனவாம். அவற்றுக்கெனத் தனியே ஒரு மரபிழை உண்டு; அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும்; தந்தைக்கு அதில் பங்கில்லை. அந்தத் தாய்வழியை ஒப்பிட்டால் பூச்சியின் குடி ஐயமறத் தெரிந்துவிடும், உயிருள்ள பெண்பூச்சிகளை அனுப்புக என்று எழுதியிருந்தார்.

“உன் பேர்லயே அனுப்பு சார்,” என்றான் ஸ்டானிஸ்லாஸ். “எனக்கு இன்னாத்துக்கு? அந்த லெட்டர் மேல கீற ஸ்டாம்ப மட்டும் குடு, எங்க ஃப்ளோரா சேக்குது.”

கொடுத்தேன். ஃப்ளோரா அவன் மனைவி.

பெருமானின் பெயர் தாங்கிய உயிர் ஊன் தின்னும் என்று உலகம் எழுதுவதை நான் எவ்வாறு பொறுப்பேன்? அந்தப் பெண்பூச்சிகள் எர்ணாவூர்க் கிடங்கின் முற்றத்தில், கடைசி அடுக்கின் நடுக்கட்டைகளில் இருந்தன. அவை எந்தக் கட்டைகள் என்பதை அறிந்தவன் அவன் ஒருவனே.

எங்கள் முறை எளியது. அடுக்கைத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களை மணல் மூட்டைகளால் அழுத்துவோம். வேலையாள் ஒவ்வொருவனுக்கும் எண்ணிட்ட பித்தளை வில்லை உண்டு. பாய்க்கு வெளியே வந்தவன் அதனைப் பலகையில் மாட்டவேண்டும். பன்னிரண்டும் மாட்டப்படாமல் மேஸ்திரி செல்வம் வாயுவைத் திறக்கமாட்டார்.

தேநீர் வேளையில், ஏனையோர் அகன்றபின், அந்தக் கட்டைகளை எடுத்துவரும்படி ஸ்டானிஸ்லாஸைப் பணித்தேன். அறிஞருக்கு அனுப்பத்தான் என்று மகிழ்ந்தான். பாய்க்குள் குனிந்து நுழையுமுன் வில்லையைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

“உள்ள மாட்டிக்கும். நீ புட்ச்சிக்கோ சார்.”

அவன் நுழைந்த ஓரத்தையும் மணல் மூட்டைகளால் அழுத்திவிட்டு, வில்லையைப் பலகையில் மாட்டினேன். செல்வம் திரும்பிவந்து எண்ணினார்; பன்னிரண்டு இருந்தன. மறுகோடிக்குச் சென்று வாயுவைத் திறந்தார். அவர்மீது வழக்குத் தொடுப்பது முறையன்று.

கடற்காற்றில் பாய் ஓயாது படபடத்தது. உள்ளிருந்து எழுந்த சத்தம் எனக்கு மட்டுமே கேட்டது. முதலில் என்னை அழைத்தான். பிறகு தன் மாதாவை. பட்டை உரிக்கும் கத்தியால் பாயைக் கீறினான். என் காலடியில் நான்கு விரல்கள் வெளிவந்தன. ஒரு மணல் மூட்டையை அவற்றின்மேல் இட்டேன். மூட்டை அசைந்தது, அதன்மேல் அமர்ந்தேன். விரல்கள் எப்படி முறிந்தன என்று கேட்டீர்களே, இப்படித்தான். பதிகத்தின் ஏழாம் பாட்டை ஓதி முடிக்கையில் மூட்டை அடங்கியது. எஞ்சிய நான்கையும் ஓதிவிட்டே எழுந்தேன்.

மறுநாள் பாயை நீக்கினார்கள். அவன் இடக்கை ஒரு கட்டையை மார்போடு அணைத்திருந்தது. கையைப் பிரித்துக் கட்டையைப் பிளந்து பார்த்தேன். பூச்சிகளும் இறந்திருந்தன. வெளியே ஃப்ளோரா நின்றிருந்தாள். அவள் கேட்டது ஒன்றே: “வில்லைய மாட்டிட்டு மறுபடி ஏன் சார் உள்ள போனாரு?” எனக்குத் தெரியாது என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

செய்தவை அனைத்தும் பெருமானின் பெயர் பழுதுறாமல் காப்பதற்கே. பூச்சியின் பெயரை இனி மாற்ற நேரலாம் என்று உங்களுடன் வந்த பேராசிரியர் சொன்னார். மாற்றட்டும். பெருமானின் பெயரை நீக்கிவிட்டு எதனை இட்டாலும் எனக்கு மறுப்பில்லை. முதலில் கண்டெழுதியவன் பெயர் அதன் பின்னே நிற்பது மரபு. அதனை மட்டும் அவர்கள் எடுக்காதிருக்க வேண்டும்.