அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தவர்கள்

"குண்டு ஒண்டும் விழேல்லை அன்ரி. ஆனா நாங்கள் ரெண்டு பேர் குப்புறப் படுத்திட்டம்."

தொண்ணூறுகளின் கடைசியில், ரொறன்ரோவில், பிஞ்ச் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இருந்த இளைஞன் பக்கத்து அம்மாளிடம் இப்படிச் சொன்னதும் என் காது தானாக நீண்டது. வேலையிடத்து வெள்ளைக்காரரோடு குழுவாகப் பால்கன் நகரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

"எந்த ஊரிலை?"

"டுப்ரோவ்னிக். எங்கடை ஊர் மாதிரி அங்கையும் சண்டை நடந்தது. கைட் பொம்பிளை ஷெல் பட்ட சுவரைக் காட்டிக்கொண்டு நிண்டவ. ஆரோ கடை ஷட்டரை டமாரெண்டு இறக்கிப்போட்டான். எல்லாரும் நிக்கினம். நானும் அவவும்தான் நிலத்திலை."

"அடுத்த ஷெல் விழுமட்டும் படுத்திருந்தனியோ?"

"பின்னை? முதல் சத்தத்தோடை எழும்பினா அடுத்ததிலை ஆள் முடிஞ்சுதெல்லே. அவவும் எழும்பேல்லை. படுத்தபடியே ஆளையாள் பாத்துச் சிரிச்சிட்டம்."

"பிறகு?"

"எந்த ஊர் எண்டு கேட்டா. யாழ்ப்பாணம் எண்டன். 'இனி இஞ்சை ஒருத்தரும் வரமாட்டினம் எண்டுதான் நாங்களும் நினைச்சனாங்கள். இப்ப பார், பஸ் நிப்பாட்ட இடமில்லை. உங்கடை ஊருக்கும் பஸ் வரும். அப்ப நீதான் கைட், நான் வாறன்' எண்டா."

அம்மாள் வெளியே கொட்டும் பனியிலிருந்து அவன் பக்கம் திரும்பினார்.

"அவ வந்தா முதல் என்னத்தைக் காட்டுவாய்? இடிஞ்ச கோட்டையையோ?"

"சீ! முதல் நல்லூர்க் கோயிலடியிலை ஐஸ்கிரீம் குடிக்க விடுவன். இடிஞ்சது எங்கை ஓடப்போகுது?"

"அப்ப எனக்கும் அந்த பஸ்ஸிலை ஒரு ஜன்னல் சீற் பிடிச்சு வை."