விடு என்று சொல்லும் வரை

நாற்காலியைக் கொஞ்சம் ஒருக்களித்துப் போட்டுக்கொள்ளுங்கள் மேடம். பயந்திருக்கிற ஆளுக்கு நேர் எதிரே உட்காரக் கூடாது. என் முதல் வகுப்பே அதுதான். இன்ஸ்பெக்டருக்கே பாடம் எடுக்கிறானே என்று நினைக்காதீர்கள், தொழில் புத்தி அப்படி. கேட்டதையெல்லாம் சொல்கிறேன், எனக்கொன்றும் அவசரமில்லை.

நான் சிவராஜ். மங்கலம் ரோட்டில் இருக்கிற மனநலக் காப்பகத்தில் வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். அதற்கு முன்னால் பனியன் கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். என்னிடம் படிக்க வருகிறவர்களும் பெரும்பாலும் கம்பெனி ஆட்கள்தான். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள், நைட் ஷிஃப்ட் தாங்காதவர்கள். அவர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. லைன் ஓடும்போது சூப்பர்வைசர் சொல்லாமல் மிஷினை நிறுத்த மாட்டார்கள். விரலில் ஊசி ஏறினால்கூட முதலில் நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கம்பெனியை விட்டு வந்தாலும் அது போவதில்லை. நானும் போக விடவில்லை.

என் வகுப்பில் அடிதடி கிடையாது. ஒருவர் கத்தினால் நாம் குரலைத் தாழ்த்த வேண்டும், பேசிப் பார்க்க வேண்டும், காத்திருக்க வேண்டும். அவர் தன்னையே காயப்படுத்திக்கொள்ளப் போகிறார் என்றால் மட்டும்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பிடியைப் பழக ஒருவர் நோயாளியாகப் படுப்பார், மற்றவர்கள் பிடிப்பார்கள். படுத்தவர் கையால் பாயைத் தட்டினால் அந்த நொடியே எல்லோரும் விட்டுவிட வேண்டும். எங்கள் தொழிலில் அது கற்பூரம் அடித்துச் செய்த சத்தியம் மாதிரி. குப்புறப் போட்டு முதுகில் பாரம் வைக்கவே கூடாது, மூச்சு நின்றுவிடும். இதையும் நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

சித்ரகலாவைப் பற்றிக் கேட்டீர்கள். பல்லடத்துப் பெண். பனியன் செக்கிங் வேலையை விட்டுவிட்டு வந்தவள். நல்ல பெண், மறுப்பதற்கில்லை. காப்பகத்தில் ஆத்தப்பன் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். தறிச் சத்தம் காதுக்குள் ஓடுகிறது என்று காதைப் பொத்திக்கொண்டே இருப்பார், யார் ஊட்டினாலும் துப்புவார். அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டு, "ஏனுங்கய்யா, இன்னைக்கு எத்தன தறி ஓடுது? கரண்டு போற நேரமாச்சு, சாப்புட்டுக்கலாம் வாங்க" என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். அப்படிப் பேசச் சொல்லி நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் ஆத்தப்பன் தட்டைத் தூக்கி என் மேல் எறிந்துவிட்டார். ரசம் கொதிக்கக் கொதிக்க இருந்தது. அவரைக் குப்புறத் தள்ளி முதுகில் முட்டியை ஊன்றினேன். அமைதியாகிவிட்டார். விலாவில் ஒரு விரிசல், அவ்வளவுதான், வயசான எலும்பு. நான் நிமிர்ந்தபோது சித்ரகலா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"சார், நீங்களே இப்புடிப் பண்ணக் கூடாதுன்னு சொல்லிக்குடுத்தீங்களேங்க" என்றாள்.

"எனக்குக் கால் வழுக்கிருச்சு கண்ணு. நீ போயி வேலையப் பாரு."

"வழுக்கலீங்க சார். நான் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். ஞாயித்துக்கெழம ராமாயக்கா வருவாங்க, சொல்லிப்போடுவனுங்க. சொல்லாம இருந்தா எனக்குச் சோறு எறங்காதுங்க."

ராமாயி என்பது ஆத்தப்பனின் தங்கை. வாராவாரம் வந்து அண்ணனுக்குத் தலை சீவிவிட்டுப் போகும். சும்மா விடுகிற ஆள் இல்லை.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது மேடம். பொய் சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து சோறு வேண்டியிருக்கவில்லை. கேட்டில் வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போய் யார் என்று எட்டிப் பார்த்தேன். லைனில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கி, அதையெல்லாம் உதறிவிட்டு வந்து, இந்த ஊரில் 'சார்' என்று பெயர் எடுத்தவன் நான். ஒரு சின்னப் பெண் வாயைத் திறந்தால் அத்தனையும் போய்விடும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அவளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

அவளுக்கு ஒரு பாடம் வேண்டும் என்றுதான் நினைத்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். பிடிபட்டவருக்கு எவ்வளவு பயம் இருக்கும் என்று தெரியாமல் இந்த வேலைக்கு வரவே கூடாது. இதை எந்தப் படித்தவரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சரி என்பார்.

சனிக்கிழமை பயிற்சிக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். முனவர் பேகம், தனுஷ், சித்ரகலா. ஆத்தப்பனுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வரச் சொல்லி அவளை மாடிக்கு அனுப்பினேன். அவள் போனதும் மற்ற இருவரிடமும் சொன்னேன், இன்றைக்கு நிஜப் பயிற்சி என்று. நிஜ நோயாளி பாயைத் தட்ட மாட்டார், ஆகவே இன்றைக்குத் தட்டினாலும் விடக் கூடாது, மூச்சு முட்டுது என்றாலும் விடக் கூடாது, அதெல்லாம் நடிப்பு. நான் 'விடு' என்று சொன்னால் மட்டும்தான் விட வேண்டும்.

"அவளுக்குத் தெரியுங்களா சார்?" என்று முனவர் பேகம் கேட்டது.

"தெரியும்மா, அவதான் கேட்டா" என்றேன்.

சித்ரகலா கீழே வந்தாள். பாயைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "நான் வேண்டாங்க சார், அக்கா படுத்துக்கட்டும்ங்க" என்றாள். நடிப்பு ஆரம்பமாகிவிட்டது என்பதுபோல் மற்ற இருவரையும் பார்த்துவிட்டு, எல்லோரும் ஒரு தடவை படுத்துத்தான் ஆக வேண்டும் என்றேன். குப்புறப் படுக்கச் சொன்னதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், ஆத்தப்பனும் அப்படித்தான் பார்த்தார். "தட்டுனா உட்டுருவாங்கல்லங்க சார்?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள். "பின்ன?" என்றேன். அதை நம்பித்தான் படுத்தாள்.

முனவர் பேகம் காலைப் பிடித்துக்கொண்டது. தனுஷ் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் டேபிளில் இருந்தவன், நல்ல பாரம். முதுகில் முட்டியை வைக்கச் சொன்னேன். வைத்தான்.

அவள் தட்டினாள். முதலில் மெதுவாக, விளையாட்டுக்குத் தட்டுகிற மாதிரி. பிறகு வேகமாக. இரண்டு பேரும் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார்கள்.

"சார், தட்டறாளுங்க சார்" என்று முனவர் பேகம் சொன்னது.

"புடிங்க" என்றேன்.

"நெசமாவே பயப்படறாளுங்க சார். காலெல்லாம் நடுங்குதுங்க."

"பயந்தாத்தாம்மா பயிற்சி. புடிங்க."

தட்டுவது நின்றுவிட்டது. அவர்கள் அப்போதும் விடவில்லை. நான் அசையாமல் நின்றேன், லைன் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் முனவர் பேகம்தான், "அல்லாவே, இது நடிப்பில்ல" என்று அலறிக்கொண்டு தனுஷைப் பிடித்துத் தள்ளியது. அவளைப் புரட்டிப் போட்டு நெஞ்சை அமுக்கியது. அதற்கும் நான் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்காமல் கையை எடுத்த முதல் ஆள் அதுதான்.

தனுஷ் பக்கத்து அறையில் அழுதுகொண்டிருக்கிறான், இங்கே வரைக்கும் கேட்கிறது. அவனைத் தனியாக விடாதீர்கள், தண்ணீர் கொடுங்கள். அவன் மேல் தப்பில்லை. சொன்னதைச் செய்தான், அவ்வளவுதான்.

போனில் என்ன சொன்னார்கள் மேடம்? உங்கள் முகம் மாறிவிட்டதே. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்தா? கண் விழித்துவிட்டாளா?

சந்தோஷம்தான். டம்ளரைக் கை தவறிக் கவிழ்த்ததைப் பார்த்து நீங்கள் வேறு மாதிரி நினைக்க வேண்டாம். இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

சரி, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. காலையில் உங்கள் ஏட்டையாவிடம், அவர்கள் பிடித்திருந்தபோது நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை என்று சொன்னேன். அது பொய். போன் பையில் இருந்தது. அவள் தட்டியதை முதல் தட்டிலிருந்து பார்த்தேன். கை ஓய்ந்ததையும் பார்த்தேன். 'விடு' என்ற வார்த்தை நாக்கில் வந்து நின்றது, நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராமாயி வரும்போது அவள் பேசக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆனால் இன்னமும் அவள் மேல் எனக்கு அக்கறை இருக்கிறது மேடம், அதை நீங்கள் நம்ப வேண்டும். செத்துப் பிழைத்தவர்களுக்குக் கண் விழித்ததும்தான் பயம் அதிகமாகும். உடம்பு உதறும், யார் கை பட்டாலும் கத்துவார்கள், மனசில் வந்ததையெல்லாம் சொல்லத் தொடங்குவார்கள். நர்ஸுகளுக்கு அதில் பயிற்சி கிடையாது. என்னை ஜீப்பில் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, எங்கள் இரண்டு பேரை மட்டும் கொஞ்ச நேரம் விடுங்கள். அவளை எப்படி அமைதிப்படுத்துவது என்று எனக்குத் தெரியும்.