இரண்டு நாட்டுக்கு ஒரு டிவி

"அந்த ஆளு தாத்தாவும் அந்தம்மா தாத்தாவும் உலகப்போர்ல எதிரெதிரா நின்னு சுட்டுக்கினவங்களாம்க்கா."

உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒரே மெஸ்ஸில் வேலை செய்கிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. கல்வெட்டைப் படம்பிடிக்க வந்து அங்கே சாப்பிடும் பிரெஞ்சுக்காரரையும் ஜெர்மன்காரம்மாவையும் பற்றித்தான் இளையவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே சொல்ற! அப்புறம் எப்டி ஒண்ணா குந்தி சாப்புடுதுங்க?"

"ரெண்டு பேருக்கும் ஒரே டிவில வேலையாம். ரெண்டு நாடும் சேந்து நடத்துதாம். பாட்டு, நாடகம், பழைய கோயிலுன்னு காட்டுவாங்களாம். ஒரே படம் ரெண்டு பாஷைலயும் வருமாம். கூட வந்த டிரைவரு சொன்னாரு."

"வெட்டிக்கினு செத்த நாடுங்களா? ஐயையோ! மொதல் மரியாத யாருக்காம்?"

"நானும் அதத்தான்க்கா கேட்டேன். ஒரு வாட்டி இவங்க ஆளு தலைவரு, அடுத்த வாட்டி அவங்க ஆளாம்."

மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க தெருவுக்கும் தேர் வரணும்னு கேட்டதுக்கே எங்காளுங்க திருவிழாவ நிறுத்திட்டானுங்க. தேரு இன்னும் ஷெட்டுலியே கீது. துப்பாக்கி தூக்குனவன் ஒண்ணா டிவி நடத்துறானா? நம்பவே முடியலமே!"

பேருந்து வேகம் குறைந்தது. மூத்தவள் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"எங்க வூட்டுக்காரரு டீக்கடையாண்ட நின்னுக்கினு கீறாரு. நான் முன்னாடி எறங்குறேன், நீ..."

திரும்பினாள். இளையவள் ஏற்கெனவே எழுந்து பின்வாசலில் போய் நின்றிருந்தாள்.